நீங்க யாருக்குச் சொந்தம்?

கேம்பஸ் இன்டர்வியூ. ஏசி ரூம். எதிரே மூணு பேர். "டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்"னு கேட்டதும், ராத்திரி முழுக்க ஹாஸ்டல்ல மனப்பாடம் பண்ணினதை மூச்சு விடாம ஒப்பிக்கிறீங்க. "ஐ ஆம் பிலாங்ஸ் டு மேலூர்..." எதிர்ல ஒருத்தர் லேசா சிரிக்கிறார். அவ்வளவுதான், மீதி எல்லாம் மறந்துபோச்சு!

கவலையை விடுங்க பாஸ். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்னு நம்ம பக்கம் இந்த 'பிலாங்'கிட்ட மாட்டாதவங்க கம்மி. ஒரு தடவை உட்கார்ந்து பேசிட்டா, அதுவும் நம்ம பங்காளிதான்.

முதல் மேட்டர். 'பிலாங்' தனியாவே ஒரு வினைச்சொல். அதுக்கு முன்னால 'ஆம்', 'இஸ்' எல்லாம் வேண்டாம். 'ஐ பிலாங்', 'இட் பிலாங்ஸ்'. முடிஞ்சது.

ரெண்டாவது, 'ஐ ஆம் பிலாங்கிங்' கிடையாது. ஏன்னா, சொந்தம்கிறது செயல் இல்லை, ஒரு நிலை. "இந்த பைக் எனக்குச் சொந்தமாகிக்கிட்டே இருக்கு"ன்னு யாராவது சொல்வாங்களா? மாசாமாசம் டியூ கட்டுறவர் வேணும்னா சொல்லலாம்!

மூணாவது, 'டு'. 'திஸ் பைக் பிலாங்ஸ் டு மீ'ன்னா, பைக் என்னுடையது. 'ஐ பிலாங் டு என்.எஸ்.எஸ்.'னா, நான் அதில் உறுப்பினர். ஊரைச் சொல்லவும் நம்ம நாட்டுல 'பிலாங் டு' புழக்கத்துல இருக்கு. ஆனா, 'ஐ ஆம் ஃப்ரம் மேலூர்'தான் சுலபம், இயல்பு.

நாலாவதுதான் முக்கியம். 'டு' இல்லாமலும் 'பிலாங்' வரும். 'திஸ் கீ பிலாங்ஸ் ஆன் தட் ஹூக்'னா, சாவியை ஆணி விலைக்கு வாங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. சாவி இருக்கவேண்டிய இடம் அது. அதேபோல 'ஐ பிலாங் ஹியர்'னா, 'இது என் இடம், நான் இங்கே அந்நியன் இல்லை'. தமிழ்லயும் அப்படித்தானே? வாங்கின வீடும் சொந்தம், வீட்டுக்கு வர்ற சித்தப்பாவும் சொந்தம்!

இந்த அர்த்தத்தோட வெயிட் தெரியணுமா? மதுரை மீனாட்சி அம்மன் கோயிலையே எடுத்துக்குங்க. தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் உள்ளே போக முடியாம நெடுங்காலம் தடுக்கப்பட்ட கோயில் அது. 1939 ஜூலை 8 அன்று அ.வைத்தியநாதய்யர் தலைமையில் அந்தத் தடையைத் தாண்டி உள்ளே போனாங்க. போனவர்களில் ஒருத்தர் கக்கன். மேலூர் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். பின்னாளில் தமிழக உள்துறை அமைச்சரானவர்.

அவங்க கோயிலை எழுதி வாங்கப் போகலை. அதாவது, 'டு' போட்ட சொந்தத்தைக் கேட்கலை. 'எங்களுக்கும் இங்கே இடம் உண்டு'ன்னு உள்ளே போனாங்க. அது 'டு' இல்லாத சொந்தம்.

தமிழ் மீடியத்துல படிச்சு, டவுன் பஸ் பிடிச்சு காலேஜுக்கு வந்து, இங்கிலீஷ் பேசுற கும்பலைப் பார்த்து 'இது நமக்கான இடம் இல்லையோ'ன்னு கடைசி பெஞ்சுல ஒதுங்குறீங்களா? கிராமர் தப்பைத் திருத்திக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனா, யாரோ ஒருத்தர் சிரிச்சதுக்காக உங்க இடத்தை விட்டுக்கொடுத்துடாதீங்க.

அடுத்த இன்டர்வியூல நிமிர்ந்து உட்காருங்க. நிதானமா சொல்லுங்க. "ஐ ஆம் ஃப்ரம்..." அப்புறம் உங்க ஊர் பேரைச் சத்தமா!