தோட்ட டிராக்டர் – 9: கசிவின் கணக்கு

பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த எண்ணெய் மோட்டாரைச் சுழற்றுகிறது, சாய்தட்டு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகம் என்பதைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. அதை மறுபடியும் விவரிக்க இடமில்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனில் எண்ணெய் மாற்றும் முறையை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்கு முன்பு ஒரு கோளாற்றைத் தீர்த்துவிட்டுப் போவதே முறை. ஏனெனில், எண்ணெய் மாற்றத் துணிகிறவர்களில் அநேகர் இந்தக் கோளாற்றை எண்ணியே துணிகிறார்கள்.

அமெரிக்காவிலே, வீட்டைச் சுற்றி ஓரிரண்டு ஏக்கர் புல்தரை வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் தாமே டிராக்டரில் அமர்ந்து புல் வெட்டுகிற குடும்பஸ்தர்களின் பிரதானமான மனத்தாங்கல் இதுதான்: குளிர்ந்த நிலையில் மேட்டையும் பள்ளத்தையும் லட்சியம் செய்யாமல் ஓடுகிற வண்டி, அரைமணி நேரம் உழைத்தபின், சரிவில் ஏறும்போது முதலில் தயங்கி, பிறகு தவழ்ந்து, முடிவில் என்ஜின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதே நகர மறுத்துவிடுகிறது, சற்று நேரம் நிழலில் நிறுத்தி வைத்தாலோ, ஒன்றுமே நேராததுபோல மீண்டும் ஓடுகிறது. உடைந்த கியர்ப் பல் ஆறியபின் ஒட்டிக்கொள்வதில்லை; ஆதலால் இங்கே உடைந்தது எதுவும் இல்லை என்றும், போகவேண்டிய வழியில் போகாமல் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே நழுவுகிறது என்றும் முதலில் ஐயுறலாம்.

நழுவுவது எங்கே? பம்பின் உருளைக் கட்டையினுள் முன்னும் பின்னும் ஓடுகிற பிஸ்டன்களுக்கு என்ஜின் பிஸ்டனுக்கு உள்ளதுபோன்ற வளையங்கள் கிடையா. பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே, தலைமயிரின் பருமனிலும் குறைந்த ஓர் இடைவெளி. அதில் பரவி நிற்கும் எண்ணெய்ப் படலமே உராய்வைத் தடுக்கும் மசகாகவும், அழுத்தத்தைக் காக்கும் அடைப்பாகவும் ஒருங்கே பணிபுரிகிறது. ஆகவே ஓரளவு கசிவது குற்றமன்று. யந்திரத்தை வகுத்தவர்களே அனுமதித்த கசிவு அது. பெரிய வகைகளில், கசிந்ததை ஈடுசெய்வதற்கென்றே ஒரு சிறு துணைப் பம்பையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த வாரம் முழுவதும் என்னை ஆட்கொண்டிருந்தது அக்கசிவின் கணக்கே. இத்தகைய ஒடுங்கிய சந்தில் ஓடும் திரவத்தின் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்து ஏறுகிறது. அதாவது, தேய்மானத்தால் இடைவெளி 2 மடங்கானால் கசிவு 8 மடங்காகிறது, 3 மடங்கானால் 27 மடங்காகிறது. இதனோடு உஷ்ணமும் சேர்ந்துகொள்கிறது. எஸ்.ஏ.இ. 30 எண்ணெய்க்கு 40 டிகிரி சென்டிகிரேடில் உள்ள பாகுத்தன்மை, 100 டிகிரியில் ஏறக்குறைய 9-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பாகு எவ்வளவுக்கு இளகுகிறதோ அவ்வளவுக்குக் கசிவும் பெருகுகிறது. சக்கரத்தைச் சேரவேண்டிய சக்தி கசிவின் வழியே வெப்பமாக மாறுகிறது, அந்த வெப்பம் எண்ணெயை மேலும் இளக்குகிறது, இளகிய எண்ணெய் மேலும் கசிகிறது. காலையில் கெட்டியான எண்ணெயின் தயவால் தன் தேய்மானத்தை மறைத்துக்கொண்ட பம்பு, நடுப்பகலில் குட்டு வெளிப்பட்டு நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

கசிவோடு மனிதன் நடத்திவரும் போராட்டம் புதிதன்று. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் நீரழுத்தப் பொறி ஒன்றை அமைத்து 1795-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தம் ஏற ஏறத் தண்டின் ஓரமாக நீர் கசிவதே அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. நீரின் அழுத்தம் கூடக்கூடத் தானே விரிந்து தண்டை இறுகப் பற்றிக்கொள்ளும் தோல் வளையத்தால் அத்தொல்லை தீர்ந்தது; அந்த யுக்தியைக் கண்டவர் அவருடைய பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞரே என்று சொல்வது வழக்கம். இத்துணைத் திறமைசாலி, வாரத்துக்கு 30 ஷில்லிங் சம்பளம் போதவில்லை என்று கேட்டபோது எஜமானர் மறுத்துவிட்டார். மாட்ஸ்லே 1797-இல் விலகித் தனிப்பட்டறை கண்டு, திருகு வெட்டும் லேத்தால் அழியாப் புகழ் பெற்றார். ஆனால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுழலும் நமது பம்புக்குத் தோல் வளையம் ஈடுகொடுக்காது. எண்ணெயைக் கொண்டே எண்ணெயை அடைக்கவேண்டியதாயிற்று.

எனினும், நின்றுபோன வண்டியெல்லாம் தேய்ந்த வண்டி என்று தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. டிரான்ஸ்மிஷன் பெட்டியைத் தொடுமுன் வெளியே பார்க்கவேண்டியவை சில உண்டு. என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் தள்ளுவதற்காக இழுத்த பைபாஸ் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பாதியில் நின்றிருந்தால், எண்ணெய் மோட்டாரைச் சுற்றாமலே திரும்பிவிடும். பெல்ட் வழுவழுத்தோ அதன் ஸ்பிரிங் தளர்ந்தோ போயிருந்தால், பாரம் ஏறும்போது பம்பே சரிவரச் சுழலாது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள சாவி அறுந்திருந்தால் அச்சு மட்டும் சுழலும். பெடலிலிருந்து வரும் இணைப்புக் கம்பி தளர்ந்திருந்தால் சாய்தட்டு முழுதும் சாயாது. நியூட்ரலில் வண்டி தானே ஊர்வதற்கும் பெரும்பாலும் இதன் சரிசெய்கையே காரணம். முன்னால் போகும், பின்னால் போகாது என்றாலோ, அந்தத் திசைக்குரிய, எண்ணெயை ஒரு வழியே மட்டும் விடுகிற செக் வால்வைச் சந்தேகியுங்கள். பிஸ்டன்கள் இரு திசைக்கும் பொதுவாதலால், அவற்றின் தேய்மானம் ஒரு திசையோடு நிற்பதில்லை.

சூட்டில் மட்டுமே நிற்கிற வண்டிக்கு முதற் பரிசோதனை, பெட்டியின் மேலிருக்கும் விசிறியும் குளிர்விக்கும் பட்டைகளும்தாம். வெட்டிய புல்லும் தூசியும் அங்கே அப்பிக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. நல்ல பம்புங்கூடத் தேய்ந்த பம்பின் லட்சணங்களைக் காட்டத் தொடங்கும். எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் அடுத்தபடியாகப் பார்க்கவேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீரோ காற்றோ கலந்திருக்கிறது.

காற்றை வெளியேற்றும் முறையும், வடிகால் திருகே இல்லாத பெட்டிகளில் எண்ணெய் மாற்றும் சங்கடமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. அதுவரையில் வாசகர்கள் புதுப் பம்புக்குப் பணம் கட்டவேண்டாம். என்ஜினை நிறுத்தி, பெட்டி நன்றாக ஆறியபின், ஒரு பழைய பிரஷ்ஷால் அந்தப் பட்டைகளைச் சுத்தம் செய்து வையுங்கள்.