முப்பது ரூபாய்க் குமாஸ்தா

மனத்துக்கு உவந்த வேலைக்குக் கூலி குறைந்தும், வெறுப்பூட்டும் வேலைக்குக் கூலி மிகுந்தும் அமையும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் வாதிட்டார். செய்யும் வேலையின் அளவோடு ஒப்பிட்டால், தூக்கிலிடுபவருக்குக் கிடைக்கும் கூலி எந்தச் சாதாரணத் தொழிலிலும் கிடைப்பதில்லை என்பது அவர் காட்டிய சான்று. பின்வந்த பொருளியலாளர்கள் இதனை 'ஈடுசெய்யும் ஊதிய வேறுபாடு' என்றனர். அதாவது, வேலையின் கசப்பைப் பணம் ஈடுகட்டுகிறது, இனிப்பு பணத்தில் கழிந்துவிடுகிறது. விருப்பத்தையும் சம்பளத்தையும் ஒரே தராசில் நிறுக்கும் இக்கருத்து கணக்குக்கு வசதியானதுதான் என்றாலும், ஒருவர் விரும்பும் வேலைக்குக் கூலி கொடுக்க ஊரில் ஆளே இல்லாதபோது அது எதற்கும் உதவுவதில்லை.

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் நிலை அத்தகையது. கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் எஃப்.ஏ. என்னும் கல்லூரி இடைநிலைத் தேர்வில் தோற்று, பட்டமின்றி, 1909-இல் மணமும் முடிந்திருந்த அவருக்கு, நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். பிறருக்கு நெடுநாள் பாரமாக இருக்க மனமில்லாத இராமானுஜன், 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சும்மா வந்த 25 ரூபாயை விட்டு, நாள் முழுவதும் பேரேடு பார்த்து 30 ரூபாய் பெறுவது நட்டக் கணக்கு என்றே எந்தக் கணக்குப்பிள்ளையும் சொல்வார். ஆனால் அந்தச் சம்பளத்தில் தன்மானமும், அரிசிக் கவலை இல்லாத இரவுகளும் அடங்கியிருந்தன.

அதைவிடப் பெரிய வரவு சம்பளப் பட்டியலில் ஏறாதது. அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர, இராமானுஜன் எழுதியதை முழங்கையால் துடைத்துவிட்டு இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டிச் செல்வார். தமக்கும் பிறருக்கும் விளங்கும்படி இடைப்பட்ட படிகளையும் எழுதச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். தன்வளர்ச்சி என்று இன்று பேசப்படுவது பதவி உயர்வையோ பயிற்சி வகுப்பையோ காட்டிலும் பெரும்பாலும் இதுதான்: நம் சிலேட்டை வாசித்து, புரியவில்லை என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பது.

கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், தாம் ஆண்டுக்கு 20 பவுன் பெறும் குமாஸ்தா என்றே இராமானுஜன் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தபோதுதான் விருப்பம், வளர்ச்சி, ஊதியம் மூன்றும் அவருக்கு ஓரிடத்தில் கூடின. பின்னர் அப்பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, ஹார்டியின் அழைப்பில் இங்கிலாந்து சென்றிருந்த அவர் 1919 ஜனவரியில் அங்கிருந்து எழுதிய பதில், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்துத் தம் தேவைக்கும் போக எஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பது போன்ற கல்விப் பணிக்குச் செலவிடுமாறு கேட்டுக்கொண்டது.