மூலிகை இருக்கட்டும், எண்ணெய் எது?

திருவல்லிக்கேணி பெரிய தெருவிலோ ஜாம்பஜார் பக்கமோ ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றால், பேட்டையின் தலைமுடிக் கவலையும் தோல் கவலையும் மொத்தமாகக் காதில் விழும். "வேம்பாளம்பட்டை அம்பது ரூபாய்க்குக் குடுங்க." "கருஞ்சீரகம் நூறு." "அண்ணே, கார்போகரிசி அரைச்சதா, முழுசா?" மேன்ஷன் அறையில் தங்கி வேலை தேடும் இளைஞர், பேயாழ்வார் கோயில் தெரு மாமி, வாலாஜா மசூதிப் பக்கமிருந்து வரும் பாட்டி எல்லோருக்கும் பட்டியல் தலைகீழ்ப் பாடம். தீபாவளி லேகியச் சாமானுக்குப் பேர்போன மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டிக் கடை, 1885 முதல் இப்படிப்பட்ட பட்டியல்களுக்குப் பொட்டலம் கட்டி வருகிறது.

வீட்டுக்குப் போனதும் பட்டியல் முடிந்துவிடுகிறது. இத்தனை இலையும் பட்டையும் எந்த எண்ணெயில் ஊறப்போகின்றன? அலமாரியில் எது இருக்கிறதோ அதில்தான். பலபேருடைய மூலிகை எண்ணெய் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது.

அழகுசாதனக் கடைகளில் இப்போது 'கேரியர் ஆயில்' என்று ஜொஜோபா, ஆர்கன், பாதாம் எனக் கைக்கடக்கமான குப்பிகள் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. மூலிகையின் சத்தையோ வாசனை எண்ணெயையோ வாங்கித் தோலில் சேர்க்கும் அடிப்படை எண்ணெய் என்பதுதான் பொருள். தமிழ் வீட்டில் அந்த வேலையை நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் காலங்காலமாகச் செய்துவருகின்றன. சென்னையின் பழைய கேசவர்த்தினியை நினைத்துப் பாருங்கள். சின்னப் புட்டியில் சாரம் மட்டும் வரும். தேங்காயெண்ணெயை வீட்டில்தான் ஊற்றிக் கலக்க வேண்டும். அந்தத் தைலம் இன்று வளசரவாக்கத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

மூலிகையில் உள்ள எது குப்பிக்குள் இறங்கும், எது இறங்காது என்பதை எண்ணெய்தான் தீர்மானிக்கிறது. சோதித்துப் பார்க்க இரண்டு கிண்ணம் போதும். ஒன்றில் தேங்காயெண்ணெய் ஊற்றி நாலு துண்டு வேம்பாளம்பட்டை போடுங்கள். சில மணி நேரத்தில் எண்ணெய் மாதுளை முத்தின் சிவப்புக்கு வந்துவிடும். (வேம்பாளத்தின் தாவரவியல் பெயரிலேயே மதராஸ் இருக்கிறது: வென்டிலாகோ மதராஸ்பட்டானா. சில கடைகளில் ரத்தன்ஜோத் என்ற வேறொரு வேரையும் இதே பெயரில் கட்டிக் கொடுப்பதுண்டு.) இன்னொரு கிண்ணத்தில் செம்பருத்திப் பூவைப் போட்டால், அதன் சிவப்பு ஒரு வாரம் ஆனாலும் எண்ணெயில் ஏறாது. பூவின் நிறம் தண்ணீரில் கரையும் ஆந்தோசயனின். பட்டையின் நிறம் எண்ணெயில் கரையும் குயினோன் வகை. செம்பருத்தி இலையின் வழவழப்பும் வெந்தயத்தின் கொழகொழப்பும் அப்படித்தான், தண்ணீரை விட்டு எண்ணெய்க்குள் வராது. அவற்றைச் சீயக்காயோடு அரைத்துத் தேய்ப்பது உத்தமம். கற்றாழைச் சோறோ பெரும்பாலும் தண்ணீர்தான். அதை எண்ணெயில் போட்டால் அடியில் போய்த் தேங்கிக் கெடும்.

எண்ணெய்க்குள் இறங்கும் மூலிகைக்கு நம்மூரில் இருக்கும் சிறந்த உதாரணம் வெட்பாலை. கிள்ளினால் பால் வடியும் மரம். இரட்டை இரட்டையாகத் தொங்கும் பிஞ்சுக் காய்களின் நுனி ஒட்டிக்கொண்டிருப்பதை வைத்து அடையாளம் சொல்வார்கள். கர்நாடகத்தின் சென்னப்பட்டணா மரப்பொம்மைகளைக் கடைவதும் இதன் வெள்ளை மரத்தில்தான். ஈரம் போக உலர்த்திய இலையைக் கையால் கிழித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்வரை தேங்காயெண்ணெய் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். அடுப்பு கிடையாது. ஓரிரு நாளிலேயே பச்சை இலையிலிருந்து ஊதா இறங்கத் தொடங்கும். நாலைந்து நாள் வெயில் ஏறியபின் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நாவல்பழச் சாறு போல இருக்கும். வடிகட்டினால் வெட்பாலைத் தைலம். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, கொடுக்கும் மருந்து இது.

பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இதற்கு ஆய்வுப் பின்னணி உண்டு. சித்த மருத்துவ ஆய்வாளர்கள் ஜே.ஆர். கிருஷ்ணமூர்த்தி, கலைமணி, வேலுச்சாமி மூவரும் இந்த எண்ணெயை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரத்தை 1981-இல் ஆயுர்வேத, சித்த ஆய்விதழில் வெளியிட்டார்கள். '777 எண்ணெய்' என்ற பெயரில் சித்த மருந்துக் கடைகளில் இன்றும் கிடைப்பது இந்த வழியில் வந்ததுதான்.

அந்த ஊதா எங்கிருந்து வருகிறது? வெட்பாலை இலையில் அவுரிச் சாயத்தின் உறவுக்காரப் பொருள்கள் இருக்கின்றன. இண்டிருபின் அவற்றில் ஒன்று. சீன மருத்துவம் சோரியாசிஸுக்குப் பயன்படுத்தும் அவுரிப் பொடியிலும் அதே இண்டிருபின்தான். தைவானின் சாங் குங் நினைவு மருத்துவமனை ஆய்வாளர்கள் அந்தப் பொடியைக் களிம்பாக்கி, பலன் இருப்பதாக 2008-இல் எழுதினார்கள். பிறகு ஆலிவ் எண்ணெயில் சாறெடுத்து, நகச் சோரியாசிஸ் உள்ளவர்களின் ஒரு கை நகங்களுக்கு அதையும் மறு கைக்கு வெறும் ஆலிவ் எண்ணெயையும் போட்டுப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். வெறும் எண்ணெய் போட்ட கையும் கொஞ்சம் தேறியது. சாறு இறங்கிய எண்ணெய் போட்ட கை அதைவிட நன்றாகத் தேறியது. மூலிகைத் தைலம் பலித்தது என்று யாராவது சொன்னால், அதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வெயிலில் வைக்கும் வெட்பாலைக்குத் தேங்காயெண்ணெய், அடுப்பில் காய்ச்சும் தைலங்கள் பலவற்றுக்கு நல்லெண்ணெய். இந்தத் தேர்வு கண்மூடித்தனமானதல்ல. தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. வெயிலும் காற்றும் பட்டாலும் சீக்கிரம் காறாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பதால் மார்கழி விடியலில் மட்டும் சென்னையிலும் அடம்பிடிக்கும். நல்லெண்ணெயில் பாதிக்குச் சற்றுக் குறைவாக லினோலிக் அமிலம். அந்தக் கணக்கில் அது சீக்கிரம் கெட வேண்டும். ஆனால் எள்ளில் உள்ள செசமோலின் சூட்டில் சிதைந்து செசமால் என்ற பொருளாக மாறி எண்ணெயைக் காக்கிறது. காய்ச்சக் காய்ச்சத் தனக்குத்தானே காவல் போட்டுக்கொள்ளும் எண்ணெய் அது. விளக்கெண்ணெயின் பிசுபிசுப்புக்குக் காரணம் ரிசினோலிக் அமிலம். தனியாகத் தடவினால் இழுக்கும் என்பதால் மற்ற எண்ணெயோடு கொஞ்சமாகச் சேர்ப்பதே வழக்கம்.

தலைக்கு எது என்ற பழைய வாதத்தில் ஓர் ஆய்வு தேங்காயெண்ணெய் பக்கம் நிற்கிறது. ரேலே, மொஹிலே இருவரும் 2003-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழிவதைத் தேங்காயெண்ணெய் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயாலும் மினரல் எண்ணெயாலும் முடியவில்லை. லாரிக் அமிலம் முடிக்குள் புகும் அளவுக்குச் சிறியது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆய்வை நடத்தியது பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொடுகுக்கு எண்ணெய் வைப்பது வேறு கதை. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற ஈஸ்ட்டுக்குக் கொழுப்பு அமிலம்தான் ஆகாரம். எண்ணெய் வைத்து ஊறவிட்டால் அதற்கு விருந்து வைத்த மாதிரி.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். 1885-இல் தொடங்கி இன்றும் பலர் வாயில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்கும் கஸ்தூரிபா மருத்துவமனையிலிருந்து பச்சைக் குழந்தையோடு வீடு திரும்பும் குடும்பத்தில், முதல் வாரமே எண்ணெய்ப் பேச்சு வந்துவிடும். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்ததில் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. பெரியவர்கள் தோலில் நடந்த ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2013-இல் வந்தது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்புப் படலத்தைப் பலவீனப்படுத்துகிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை என்றது. ஆலிவில் ஓலியிக் அமிலம் மிகுதி, சூரியகாந்தியில் லினோலிக் மிகுதி. விலை அதிகம் என்பதற்காக வெளிநாட்டு ஆலிவ் எண்ணெயைக் குழந்தைக்கு வாங்கித் தடவுவதில் அர்த்தமில்லை.

எண்ணெய் வெளியே தடவத்தான். மலேசியாவில் தமிழ்க் குடும்பங்கள் உட்பட இந்திய வம்சாவளியினர் சளிக்கும் மாந்தத்துக்கும் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதில், வாந்தி, வலிப்பு, கோமா என்று விபரீதமானதை மருத்துவர் சின்னையாவும் சக ஆய்வாளரும் 1981-இல் 'லான்செட்'டில் பதிவு செய்தார்கள். சூடத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும் ஆபத்து. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் வலிப்பை வரவழைக்கக்கூடும்.

இனி வாங்கும் இடம். 1904-இல் இந்தப் பேட்டையில் தொடங்கிய டி.யு.சி.எஸ். கூட்டுறவுக் கடையோ, தெருமுனை மரச்செக்கோ, எங்கே வாங்கினாலும் மூக்கருகே கொண்டுபோய் முகர வேண்டும். காறல் வாடை லேசாக வந்தாலும் மூலிகை எதுவும் அதைக் காப்பாற்றாது. செக்கில் நல்லெண்ணெய் ஆட்டும்போது எள்ளோடு கருப்பட்டியோ வெல்லமோ போடுவது வழக்கம். அதனால் அடியில் மண்டி தங்கும். தெளியவிட்டு மேலாக எடுத்தே தைலத்துக்குப் பயன்படுத்த வேண்டும். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிக் கிடைக்கும் தீப எண்ணெயைத் தவறியும் தொடக்கூடாது. அது விளக்குக்கானது, பல எண்ணெய்களின் கலவை, உண்பதற்கல்ல என்று புட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

காய்ச்சுவதில் எல்லாம் தண்ணீர்க் கணக்குதான். கரிசலாங்கண்ணிச் சாறோ பொன்னாங்கண்ணிச் சாறோ ஊற்றினால், அந்த ஈரம் முழுக்கப் போகும்வரை சிறுதீயில் நிற்க வேண்டும். முதலில் சடசடவென்று பொரியும். பிறகு சத்தம் அடங்கி நுரை கட்டும். அடியில் தங்கிய கற்கத்தை, அதாவது அரைத்துப் போட்ட மூலிகை விழுதை, எடுத்து விரலால் உருட்டினால் மெழுகு போலத் திரண்டால் மெழுகுப் பதம். மணலாக உதிர்ந்தால் மணற்பதம். அதையும் தாண்டினால் கருகல். சந்தேகம் இருந்தால் ஒரு திரியைத் தைலத்தில் தோய்த்துக் கொளுத்துங்கள். சடசடத்தால் ஈரம் பாக்கி. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். தண்ணீர்ச் சொட்டோ ஈரக் கரண்டியோ பட்ட தைலம் சீக்கிரம் பூஞ்சை கட்டும். கையளவு செய்வது, கரும்பழுப்புப் புட்டியில் அடைப்பது, செய்த தேதியை ஒட்டுவது இவ்வளவும் செய்தால் பாதி வெற்றி.

கடை வாசலில் கேட்ட கார்போகரிசிக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதில் சோராலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் அளந்த புற ஊதாக் கதிரோடு சேர்த்துப் பயன்படுத்தும் அதே பொருள். அதை எண்ணெயில் ஊறவைத்து முகத்தில் தடவிக்கொண்டு பகல் வெயிலில் மெரினாவில் நடந்தால், தோல் கொப்பளித்துக் கறுக்கும். வாசனை எண்ணெய்களிலும் அளவு முக்கியம். 30 மில்லி அடிப்படை எண்ணெய்க்கு ஆறேழு சொட்டு போட்டால் ஒரு சதவீதம். முகத்துக்கு அதுவே தாராளம். எதுவானாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குப் போக வேண்டும். சோரியாசிஸ் உள்ளவர்கள் வீட்டில் வெட்பாலை ஊறுகிறது என்பதற்காக டாக்டர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது.

வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. அக்கம்பக்கத்தில் நல்ல பேர் வாங்கியதும் 'ஹோம்மேட்' சீட்டு ஒட்டி வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்குகிறவர்கள் பலர். 2020-இன் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி விற்பனைக்கு என்று தயாரித்தால் உரிமம் வேண்டும். நோய் தீரும் என்று சொன்னால் அது மருந்து. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் சித்த மருந்து உற்பத்தி உரிமமே வேண்டும். வாங்குகிறவர்கள் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். உரிம எண், செய்த தேதி, எந்த எண்ணெயில் செய்தது என்ற விவரம் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள்.