பூங்காவுக்குப் போகும் வழி

கோலாலம்பூரின் செராஸ் வட்டாரத்தில் பூங்காக்கள் இருக்கின்றன. ஏரியைச் சுற்றி நடைபாதை கொண்ட தாசேக் பெர்மைசூரி பூங்காவில் மாலை வேளையில் குடும்பங்கள் கூடுகின்றன. ஆனால், எல்லாப் பிள்ளைகளாலும் அங்கே தினமும் போய்விட முடிவதில்லை.

காரணம், வீட்டுக்கும் பூங்காவுக்கும் இடையிலுள்ள வழி. தாமான் வீடுகளின் முட்டுச்சந்துகளில் வாகனங்கள் குறைவு; வாசலிலேயே சைக்கிளும் பூப்பந்தும் களைகட்டும். அடுக்குமாடியில் அப்படியில்லை. மக்கள் வீடமைப்புத் திட்ட வீடு ஒன்றின் பரப்பு சுமார் 700 சதுர அடிதான்; உள்ளே ஓடியாட இடம் போதாது. மேல்மாடியில் சமைக்கும் அம்மாவுக்குக் கீழே ஆடும் பிள்ளை கண்ணில் படாது. நடுவே பெருஞ்சாலை குறுக்கிட்டால், பிள்ளையைத் தனியே அனுப்பத் துணிவு வராது. விளைவு, கார் நிறுத்துமிடமும் நடைக்கூடமுமே விளையாட்டுத் திடல்.

விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் விதி. மலேசியா அதில் 1995இல் இணைந்தது.

அந்த உரிமைக்குத் தேவையான திறந்தவெளியைக் காக்க மக்களால் முடியும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் ரிம்பா கியாரா பூங்காவுக்காக வழக்காடி, 2023இல் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள்.

அவர்களைப் போலவே செராஸ் பெற்றோரும் குடியிருப்புச் சங்கங்களும் பாதுகாப்பான சாலைக் கடப்பு, நிழல் மரம், விளக்கு ஆகியவற்றை மாநகர் மன்றத்திடம் சேர்ந்து கேட்க வேண்டும்.