ஜென்டூ அப்டேட்: யூ, டி, என்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஜென்டூ லினக்ஸில் எதுவுமே அவ்வளவு சீக்கிரம் முடியாது. உபுண்டுவில் யாரோ கம்பைல் செய்து வைத்ததை இறக்கிப் போட்டுக்கொள்கிறோம். 2002-இல் 1.0 பதிப்பு வந்த ஜென்டூவிலோ பெரும்பாலும் மூலநிரல்தான் இறங்கும். எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று யூஸ் ஃப்ளாக்குகளில் நாம் எழுதி வைத்தபடி நம் கம்ப்யூட்டரே அதைக் கம்பைல் செய்யும். இதையெல்லாம் மேய்ப்பது போர்ட்டேஜ். அதற்கு நாம் அடிக்கும் கட்டளை எமர்ஜ்.

முதலில் சிங்க். இதில் மென்பொருள் எதுவும் மாறாது, பேக்கேஜ்களின் பட்டியல் மட்டும் புதுசாகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். அதற்கு மேல் செய்தால் பொது சர்வருக்குத்தான் சுமை. முடிந்ததும் படிக்காத செய்தி இருப்பதாகச் சொன்னால், ‘ஈசெலக்ட் நியூஸ் ரீட்’ அடித்துப் படித்துவிடுங்கள். கையால் செய்ய வேண்டிய மாற்றம் ஏதாவது இருந்தால் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

அடுத்தது அசல் வேலை: எமர்ஜுக்குப் பின்னால் அப்டேட், டீப், நியூயூஸ் என்ற மூன்று ஆப்ஷன்கள், கடைசியில் வேர்ல்ட். நீங்கள் பெயர் சொல்லி நிறுவியவையும் அடிப்படை சிஸ்டமும் சேர்ந்ததுதான் வேர்ல்ட். வெறும் அப்டேட் மட்டும் கொடுத்தால் போர்ட்டேஜ் அவற்றையும், அவை நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளையும் பார்த்துவிட்டு நின்றுவிடும். அந்த லைப்ரரி நம்பியிருக்கும் இன்னொரு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டிருந்தாலும் அது உங்களிடம் வராமலே போகலாம். டீப் கொடுத்தால்தான் அடிவரை இறங்கிப் பார்க்கும். நேரம் மிச்சம் என்று இதை விட்டுவிடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

நியூயூஸ் வேறு ரகம். புளூடூத் வேண்டாம் என்று ஃப்ளாக்கை அணைத்துவிட்டீர்கள். பதிப்பு எண் மாறவில்லை. அப்டேட் அதைத் தொடாது, நியூயூஸ் மறுபடி கம்பைல் செய்யும். ஆனால் நீங்கள் பயன்படுத்தாத ஒரு ஃப்ளாக்கை ஜென்டூக்காரர்கள் புதிதாகச் சேர்த்தாலும் அது கம்பைல் செய்ய உட்கார்ந்துவிடும். பழைய லேப்டாப் என்றால் அதற்குப் பதிலாகச் ‘சேஞ்ச்ட் யூஸ்’ கொடுங்கள்.

‘ஆஸ்க்’ மட்டும் எப்போதும் கூடவே இருக்கட்டும். கம்பைல் தொடங்கும் முன் பட்டியல் வரும். யூ என்றால் புதுப் பதிப்பு, என் என்றால் இதுவரை இல்லாதது, ஆர் என்றால் அதே பதிப்பு மறுபடி. யூவுடன் டியும் சேர்ந்திருந்தால் பதிப்பு கீழே இறங்குகிறது. அங்கே நிறுத்தி ஏன் என்று பாருங்கள். ஃப்ளாக் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அதன் நிலை மாறியிருக்கிறது. இந்தப் பட்டியலைப் படிக்காமல் எஸ் அழுத்துவதைவிட அன்றைக்கு அப்டேட்டையே விட்டுவிடலாம்.

பாதியில் மெமரி தீர்ந்து கம்பைல் செத்துப்போவதும் உண்டு. மேக் கான்ஃப் கோப்பில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று குறிப்பீர்கள் அல்லவா, வேலை ஒன்றுக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லையா? 2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே ரெடிமேட் பைனரிகளையும் பெரிய அளவில் தரத் தொடங்கிவிட்டது. ‘கெட்பின்பேக்கேஜ்’ ஆப்ஷன் கொடுத்தால், உங்கள் ஃப்ளாக்குகளோடு ஒத்துப்போகிறவை பைனரியாக இறங்கும்.

முடிந்ததும் ‘டிஸ்பேட்ச் கான்ஃப்’. ஈடிசி டைரக்டரியில் நீங்கள் திருத்திய கோப்புகளைப் போர்ட்டேஜ் கேட்காமல் மாற்றாது. புதியதைத் தனிப் பெயரில் பக்கத்தில் வைத்திருக்கும். வித்தியாசத்தைக் காட்டும்போது யூ அழுத்தினால் புதியது, இஸட் அழுத்தினால் உங்கள் பழையது, எம் அழுத்தினால் இரண்டையும் வரிவரியாகச் சேர்க்கலாம். எஸ்எஸ்எச் சர்வர் கோப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு யூ அழுத்தாதீர்கள்.

அதன் பிறகே டிப்க்ளீன், அதுவும் ஆஸ்க்கோடு. யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும். முழு அப்டேட் முடியாமல் இதை ஓட்டக் கூடாது.

கெர்னலை மறந்துவிடாதீர்கள். ‘ஜென்டூ சோர்சஸ்’ வைத்திருந்தால் அப்டேட்டில் வருவது மூலநிரல் மட்டும். அதைக் கம்பைல் செய்து, நிறுவி, ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழைய கெர்னல்தான்.