கிரயப் பத்திரத்தில் எழுதாத விலை

வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, பிரிபடாத பாகம், வங்கிக் கடனின் மாதத் தவணை ஆகிய அனைத்தையும் வக்கீலிடமும் உறவினரிடமும் பலமுறை விசாரித்துத் தெளிந்த பிறகும், குடியேறிய நாள் முதல் ஆயுள் முழுவதும் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை தாம் செலுத்தப்போகும் இன்னொரு தவணையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மின்கட்டணம் குடியிருப்பவரின் பழக்கத்தால் மட்டுமே ஏறி இறங்குவது, கட்டடத்துக்கு அதில் சம்பந்தமில்லை என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதனால் வாங்குகிறவர் அடையும் நஷ்டம் லட்சக் கணக்கில் போகக்கூடியது.

சித்திரை மாதத்தில் சென்னையின் மேல்தள வீடொன்றுக்கு இரவு எட்டு மணிக்குச் சென்று, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இது பிரத்தியட்சமாக விளங்கும். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியும் சுவர் சுடும், பகலெல்லாம் கான்கிரீட் தளம் உள்வாங்கிய உஷ்ணம் மெல்ல அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், விசிறி அந்த வெப்பக் காற்றையே சுழற்றும், ஏ.சி. நள்ளிரவு வரை ஓயாமல் ஓடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்த பழைய தளங்கள் இந்த உஷ்ணத்தை ஓரளவு தடுத்தன. இன்று அந்த வேலையைக் குறைத்து மிச்சம்பிடிக்கும் கட்டுநர் தாம் லாபமடைந்து, செலவை வாங்குகிறவர் தலையில் சுமத்துகிறார். வீட்டைக் காலை பத்து மணிக்குள் காட்டிவிட விரும்பும் தரகரிடம் மாலையில் வருகிறேன் என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் கட்டண முறை இந்தச் செலவைப் பெருக்கிக் காட்டுவது. இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதி பறிபோவதோடு, 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகளின் விலையும் எட்டு ரூபாய்க்குக் குறையாமல் ஏறுகிறது. ஆகையால் 700 யூனிட் செலவாகும் குடும்பம் 500 யூனிட்டோடு நின்றுவிடுமானால், பில்லுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய், இருபதாண்டுக் கடன் தீர்வதற்குள் கட்டணம் ஒரு பைசா உயராவிட்டாலும் 2,40,000 ரூபாய் மீதமாகும். விசிறியிலும் சிறிது கிடைக்கும்: 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி மூன்று, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினால், ஒரு பில்லில் 97 யூனிட் குறையும். எனினும் விசிறியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மேற்குச் சுவரை மாற்ற முடியாது. ஆராய வேண்டியது முதலில் கட்டடத்தையே.

இதற்கு அளவுகோலும் உண்டு. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, சென்னையைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல் கதவுகளின் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்சவரம்பும் விதிக்கிறது. வீடுகளின் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை 2019-ல் வந்தது.

‘பசுமை இல்லம்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுப்பதுதான் பெரிய அபாயம். வரைபட நிலையிலேயே தரப்படும் முன்சான்றிதழ் வேறு, கட்டி முடித்த பின் பரிசோதித்துத் தரும் இறுதிச் சான்றிதழ் வேறு. எது கையில் இருக்கிறது என்று கேட்டு நகல் வாங்க வேண்டும். தளத்தில் போடப்போகும் வெப்பத்தடுப்பு ஓடு, ஜன்னல் கண்ணாடி, சுவரின் கனம் ஆகியவற்றை விற்பனை ஒப்பந்தத்தின் அட்டவணையில் எழுதச் செய்ய வேண்டும். எழுதியிருந்தால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் துணைக்கு வரும். அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யை நம்பி நஷ்டமடைந்தவர் இழப்பீடு கோரலாம்; விலக விரும்பினால் செலுத்திய பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். சாவி கைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் தரக்குறைவைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்து தருவது 14-ஆம் பிரிவு சுமத்தும் கடமை. நுகர்வோர் ஆணையத்தை நாடுகிறவர் வழக்குக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் செல்ல வேண்டும். விளம்பரத் துண்டு, ரசீது, எழுத்து மூலம் அனுப்பிய புகார் ஆகியவற்றைக் குடியேறிய அவசரத்தில் எறிந்துவிட்டுப் பிறகு தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

சூரிய மின்சாரத்துக்கு இடமளிக்கும் மொட்டை மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குமாடியின் மாடித்தளம் அதே ரியல் எஸ்டேட் சட்டப்படி பொதுப் பகுதி. அதன் உரிமையைக் கட்டுநர் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் வாசகம் ஒப்பந்தத்தில் தென்பட்டால் கையெழுத்திடுமுன் நீக்கச் சொல்ல வேண்டும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு அதிகபட்சமாக 78,000 ரூபாயும், குடியிருப்புச் சங்கங்களின் பொது விளக்கு, லிப்ட், தண்ணீர் மோட்டாருக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியமாக நிர்ணயிக்கப்பட்டது. மாடி குடியிருப்போருக்குச் சொந்தமாக இருந்தால்தான் சங்கம் அங்கே சூரிய மின் தகடு பதிக்க முடியும்.