வேண்டுமென்றே உடைக்கிறார்கள், தெரியுமா?

2019 ஜூலை 10. உலகக் கோப்பை அரையிறுதி. தோனி ரன் அவுட்! நாடே தலையில் கைவைத்த அந்த நொடியில், ஆட்டத்தை நேரலையில் காட்டிய ஹாட்ஸ்டார் செயலியின் பொறியாளர்களுக்கு வந்த பெரிய ஆபத்து எது தெரியுமா? கூட்டம் சேர்ந்ததல்ல, கலைந்தது!

அன்றைக்கு ஒரே நேரத்தில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 2 கோடியே 53 லட்சம் பேர். விக்கெட் விழுந்ததும் லட்சக்கணக்கானவர்கள் 'பேக்' பொத்தானை அழுத்துவார்கள். அழுத்தினால் செயலியின் முகப்புப் பக்கம் திறக்கும். நேரலை வீடியோவை ஊர் ஊராக இருக்கும் நகல் சர்வர்கள் அனுப்பிவிடும். முகப்புப் பக்கம் அப்படியல்ல. நீங்கள் யார், பாதியில் விட்ட படம் எது, அடுத்து எதைக் காட்டலாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மைய சர்வர்களைக் கேட்டாக வேண்டும். வீடியோ பார்ப்பவர்கள் குறைந்த அதே நொடியில் அந்த சர்வர்களை நோக்கி அலை திரும்பும்! இதை முன்கூட்டியே யோசித்து, பொய்யான பார்வையாளர்களை ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து ஏவி, தங்கள் சர்வர்களைத் தாங்களே தாக்கிப் பார்த்திருந்தார்கள். அந்தத் திட்டத்துக்கு 'ஹல்க்' என்று பெயர். திடீர்ப் பாய்ச்சலைச் சோதிக்கும் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சுனாமி சோதனை'.

கடலூர் மாவட்டத்தில் அந்தப் பெயரை யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. ஓடித் தப்ப அவ்வளவு நேரம் இருந்தும், செய்தியைக் கரைக்குக் கொண்டுவர ஏற்பாடு எதுவும் இல்லை.

ஆனால் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போய், கடலோரமாக வடக்கே திரும்பினால் வரும் சாமியார்பேட்டையில் என்ன நடந்தது தெரியுமா? சுனாமிக்கு முன்பே அந்த மீனவ கிராமத்தில் மத்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நடத்திய பேரிடர்ப் பயிற்சி நடந்திருந்தது. எச்சரிக்கை சொல்ல ஒரு குழு, தேடி மீட்க ஒரு குழு, முதலுதவிக்கு ஒரு குழு என்று ஊர்க்காரர்களே பிரிந்து பழகியிருந்தார்கள். அலை வந்தபோது யார் யாரைத் தூக்குவது, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உயிரிழப்பு அங்கேயும் உண்டு. ஆனால் பயிற்சி பல உயிர்களைக் காத்தது.

இதில் எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம், அவர்கள் பழகியது புயலுக்கும் வெள்ளத்துக்கும் என்பதுதான். சுனாமி அன்று யார் கணக்கிலும் இல்லை! எது வரும் என்று சரியாகக் கணிக்காமலே, எது வந்தாலும் எழுந்து நிற்கப் பழகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எந்த மென்பொருள் நிறுவனத்திலும் இல்லை என்பேன்.

இன்னொன்று கேளுங்கள். கடலூருக்குக் கொஞ்சம் வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது நல்லவாடு. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கிராம அறிவு மையம் இருந்தது. தினமும் அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்று ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்வார்கள். அன்று காலை சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டு எச்சரித்தார். அதே ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊர் தப்பியது. ஆபத்துக்கென்று பூட்டிவைத்திருந்த ஒலிபெருக்கியாக இருந்தால் அந்த நேரத்தில் அது பேசியிருக்குமா?

பூட்டிவைத்தது பேசாமல் போன கதையும் உண்டு. கிட்லேப் என்ற நிறுவனம், உலகமெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இடம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் தவறுதலாக மூலத் தரவையே அழித்துவிட்டார். காப்பாற்ற ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை! வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்த நகல்தான் கைகொடுத்தது. ஐந்து வழிகளையும் அதற்கு முன்பு ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அதனால்தான் உடைப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவர்கள் வந்தார்கள். அமேசானில் ஜெஸ்ஸி ராபின்ஸ் என்பவருக்கு இருந்த பதவிப் பெயரே 'பேரழிவின் தலைவர்'! அவர் தீயணைப்புப் பயிற்சி பெற்றவர். தீயணைப்பு வீரர்கள் எப்படிப் பழகுகிறார்களோ அப்படியே சர்வர்களை அணைத்து அமேசானைப் பழக்கினார். 2008-ல் தரவுத்தளம் கெட்டு மூன்று நாள் டி.வி.டி. அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ், பிறகு 'கேயாஸ் மங்கி' என்று ஒரு நிரலை எழுதியது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொல்வதுதான் அதன் தொழில். நள்ளிரவில் அல்ல, அலுவலக நேரத்தில், சரிசெய்ய ஆள் இருக்கும்போது! பெங்களூரில் பிறந்த 'லிட்மஸ்' என்ற இலவச மென்பொருளும் இதே வேலையைச் செய்கிறது.

கூகுளில் 2006 முதல் நடக்கும் ஒத்திகையைப் பற்றி அதை நடத்திய கிருபா கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். ஒரு தரவு மையம் ஜெனரேட்டரில் ஓடுவதாகப் பாவனை. டீசல் வாங்க வேண்டும், ஆறு இலக்கச் செலவு, டாலரில். அவசரத்துக்கு யார் ஒப்புதல் தருவது என்ற நடைமுறை ஆட்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் சோதனை. கடைசியில் தன் சொந்த கிரெடிட் கார்டில் அந்தத் தொகையைத் தேய்க்கத் தயாரான ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! எந்த நிரலைப் படித்தாலும் இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்காது.

நம் பங்குச் சந்தையிலும் மாற்று ஏற்பாடு கைகொடுக்காமல் போனது. 2021 பிப்ரவரி 24, தேசியப் பங்குச் சந்தை முற்பகல் 11.40-க்கு நின்றது. திரும்பியது மாலை 3.45-க்கு. மாற்று மையம் என்று ஒன்று இருந்தும் அதற்கு மாறவில்லை. பிறகு சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபியின் விதிகள் இறுகின. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தையைத் திறந்து, உண்மையான பணத்தில் வர்த்தகம் நடத்தி, நடுவில் மாற்று மையத்துக்கு மாறிக் காட்டினார்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஒத்திகையின்போது 'ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல' என்ற செய்தி மக்கள் போன்களுக்கே போய்விட்டது. தவறு என்று அதே வழியில் திருப்பிச் சொல்ல 38 நிமிடம் ஆனது. அனுப்பத் தயாராக ஒரு மறுப்புச் செய்தி இல்லை! உடைப்பவர்கள் அதனால்தான் சின்னதாகத் தொடங்குகிறார்கள், நிறுத்தும் பொத்தானை முதலில் செய்கிறார்கள்.

2004-க்குப் பிறகு ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2009 முதல் இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து 'ஐஓவேவ்' என்ற ஒத்திகையை நடத்துகின்றன: இல்லாத நிலநடுக்கம், உண்மையான தகவல் தொடர்பு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிஜமாகவே அதிர்ந்தபோது, பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு வந்தது. கடலடிப் பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறினவே, நினைவிருக்கிறதா? 'செல் பிராட்காஸ்ட்' சோதனை அது. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும், எண் எதுவும் தெரியாமலே ஒரே வீச்சில் போகும். குறுஞ்செய்தி போல நெரிசலில் சிக்காது. அன்று உங்கள் போன் மட்டும் அலறவில்லை என்றால், அமைப்புகளில் அவசர எச்சரிக்கைப் பகுதியைத் திறந்து, சோதனைச் செய்திக்கான பொத்தானையும் சேர்த்துப் போட்டுவையுங்கள்.